எங்கே படிப்பது, யாரைக் கேட்பது? வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் "இன்டர்நேஷனல்" என்ற பெயரோடு திறக்கப்படும் பள்ளிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களை அடுக்கி வைக்க ஒரு அட்டைப்பெட்டி தேவைப்பட்டது. சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காட்டிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில். குடும்ப விஷயம் நிறைய இருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை. நான் 31 வருடம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கப்புறம் வெளிநாட்டுப் படிப்பு என்று வாசலுக்கு வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் இதில் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மகன் ஐந்தாவது படிக்கிறான். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தோம். "உங்கள் பையனை குளோபல் சிட்டிசன் ஆக்கித் தருகிறோம்" என்றார் பிரின்சிபால். கட்டணம் இப்போது கட்டுவதைப் போல நாலு மடங்கு. மாற்றலாமா?
ஒரு தாய், அம்மாப்பேட்டை

அம்மா, முதலில் பெயர்ப் பலகையை மறந்துவிடுங்கள். எந்த வாரியம் என்று கேளுங்கள். இன்டர்நேஷனல் என்று பெயர் வைத்த பல பள்ளிகள் நடத்துவது சிபிஎஸ்இ பாடத்திட்டம்தான். அது நல்ல பாடத்திட்டம்தான், ஆனால் அதற்கு ஏன் நாலு மடங்கு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உண்மையிலேயே வெளிநாட்டு வாரியம் என்றால் நம் பக்கம் அடிபடும் பெயர்கள் இரண்டு, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ், இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்பதன் சுருக்கமான ஐ.பி.

கேம்பிரிட்ஜில் பத்தாம் வகுப்புக்கு இணையான ஐஜிசிஎஸ்இ தேர்வு 1988-இல் தொடங்கியது, பாடவாரியாக எழுதுவது. ஐ.பி. அதற்கும் மூத்தது, 1968-இல் ஜெனீவாவில் பிறந்தது. பெற்றோர் வேலை நிமித்தம் நாடு விட்டு நாடு மாறும்போது பிள்ளைகளின் படிப்பு அறுந்து போகக்கூடாது, இரண்டு உலகப் போர்களைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகளாவது அடுத்த நாட்டுக்காரரை மனிதராகப் பார்த்து வளர வேண்டும், இந்த இரண்டு கவலையும் சேர்ந்து ஆசிரியர்கள் உருவாக்கிய படிப்பு அது. பிளஸ் டூவுக்கு இணையான அதன் டிப்ளமோவில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண் 7, மேலே ஒரு 3, ஆக மொத்தம் 45. மாணவர் தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு 4,000 சொற்களுக்குள் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். வகுப்புக்கு வெளியே கலை, உடலுழைப்பு, சேவை மூன்றிலும் தொடர்ந்து ஈடுபட்டதைக் காட்டாவிட்டால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் டிப்ளமோ கிடையாது. பிரின்சிபால் சொன்ன குளோபல் சிட்டிசன் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால் அது இந்தச் சேவையில்தான் இருக்கிறது. அதனால் அடுத்த முறை போகும்போது நீச்சல் குளத்தைப் பார்த்தது போதும், போன வருடம் உங்கள் பிள்ளைகள் எந்தத் தெருவில், யாரோடு, எத்தனை வாரம் வேலை செய்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, "ஐ.பி. பள்ளி" என்று சொல்வதற்கும் "ஐ.பி.க்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்பதற்கும் தூரம் அதிகம். அங்கீகாரம் கிடைக்கும் வரை அது கேண்டிடேட் ஸ்கூல் மட்டுமே. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் ஐ.பி. இணையதளத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. பையன் டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் இருந்தால், ஐ.பி. டிப்ளமோவைப் பிளஸ் டூவுக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும், அப்புறம் நீட் வினாத்தாள் நம் நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் வரும்.

அங்கே ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருடம் தங்குகிறார்கள் என்பதையும், தமிழ் யார் நடத்துகிறார் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பிரின்சிபால் தடுமாறாமல் பதில் சொன்னால் அது நடத்தத் தெரிந்தவர் நடத்தும் பள்ளி. என் கருத்தைக் கேட்டால், ஐந்தாவதில் மாற்ற அவசரம் இல்லை. பட்டறை வருமானம் ஒரே சீராக வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடுவில் கட்ட முடியாமல் போய், எட்டாவதில் பிள்ளையைத் திரும்ப இறக்கிக்கொண்டு வருவதுதான் அவனுக்குப் பெரிய அடி. அப்படி இரண்டு குடும்பங்களைப் பார்த்துவிட்டேன்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் "எங்களுக்கு ஒரு ரூபாய் வேண்டாம், எல்லாம் ஃப்ரீ" என்கிறார்கள். ஃப்ரீயாகச் செய்கிறவர்களை நம்பலாமா?
பட்டதாரி, ஆத்தூர்

தம்பி, ஃப்ரீ என்றால் உன்னிடம் வாங்கவில்லை, அவ்வளவுதான். நீ போய்ச் சேரும் கல்லூரி அவர்களுக்குக் கொடுக்கிறது. நீ கட்டும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை, கமிஷனாக வரும். இது ரகசியமும் இல்லை, சட்டவிரோதமும் இல்லை. அமெரிக்கா தன் சொந்த நாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு ஆள் கணக்கில் கமிஷன் கொடுப்பதைச் சட்டத்தில் தடுத்திருக்கிறது, வெளிநாட்டு மாணவர்கள் என்றால் மட்டும் அதில் விலக்கு. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஏஜெண்டுகளின் பட்டியலை வெளியிட்டாக வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் சேர்ந்து 2012-இல் லண்டனில் ஏஜெண்டுகளுக்கு ஒழுக்கநெறிகளை எழுதின. கட்டணத்தையும் யாருக்காக வேலை செய்கிறோம் என்பதையும் மறைக்கக்கூடாது என்பது அதில் முக்கியமானது. நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். படிக்க அனுப்புகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் விசாரிக்கும் வேலை உன் தலையில்தான் விழுகிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், இன்னும் சில இடங்களிலும் கட்டணம் வந்திருக்கிறது. கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? அதனால்தான் ஜெர்மனி என்று கேட்டுப் போகிற பையனுக்குப் பல இடங்களில் தனியார் கல்லூரியைக் காட்டுகிறார்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வாய்ப்பிருந்தும் அந்தப் பேச்சே வராது. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம் மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், போட வேண்டும், 2022 நவம்பரிலிருந்து உன் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் தேவை, இரண்டையும் நீயே செய்துகொள்ளலாம். தொகை மாறிக்கொண்டே இருக்கும், தூதரக இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

என் சொந்த அக்கா மகன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவனும் மெக்கானிக்கல்தான். கூட்டிக்கொண்டு போன ஆலோசகர் அக்காவிடம் "உங்க பையன் எனக்குத் தம்பி மாதிரிங்க" என்றார், எங்களுக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது. சேர்த்துவிட்டது இரண்டு மாடிக் கட்டடத்தில் நடந்த ஒரு சின்னத் தனியார் கல்லூரியில், படிப்பு பிசினஸ் டிப்ளமோ. ஏன் இந்தப் படிப்பு என்று அவன் கேட்டதற்கு, இதில்தான் விசா சீக்கிரம் வரும் என்று பதில் வந்ததாம். இரண்டு வருடத்தில் திரும்பி வந்தான். கடன் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்ற ஒரு கேள்வியை நான் அன்று கேட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். அன்றிலிருந்து யார் வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

நீ நேரே போய்க் கேள். எந்தெந்தக் கல்லூரிகளோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது? ஒப்பந்தம் இல்லாத கல்லூரிக்கு நான் விண்ணப்பித்தால் உதவி செய்வீர்களா, அதற்கு எவ்வளவு? போன வருடம் யாரையாவது போக வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு ஒரு உதாரணம் சொல்லக்கூடியவரிடம் தைரியமாக உட்கார். கமிஷன் வாங்கியும் நேர்மையாக நடக்கிறவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். கமிஷன் வாங்காத இடங்களையும் பார்த்துவிடு. ஜெர்மனிக்கு டாட் (DAAD), பிரான்சுக்கு கேம்பஸ் ஃபிரான்ஸ், அமெரிக்காவுக்கு எஜுகேஷன்யுஎஸ்ஏ, இவை அந்தந்த நாட்டு அரசுகளின் ஆதரவில் நடப்பவை, ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குவது இவர்கள் வேலை இல்லை.

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு "உலகக் குடிமகள்" சான்றிதழ் தருகிறோம், மூன்று நாள் மாநாடு, 15,000 ரூபாய் என்று பள்ளியில் நோட்டீஸ் கொடுத்தார்கள். மேல்படிப்புக்கு உதவுமா?
வாசகர், அழகாபுரம்

உதவாது. ஐ.நா. சபை மாதிரி நடத்தி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டுக்காகப் பேசும் விளையாட்டு நல்ல விளையாட்டு, அதை உள்ளூர்ப் பள்ளிகள் நாலு சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் நடத்திவிடலாம். சான்றிதழுக்காக என்றால் வேண்டாம்.

நீட்டில் மகளுக்கு மார்க் குறைவு. வெளிநாட்டில் எம்பிபிஎஸ்க்கு "நீட்டே வேண்டாம்" என்கிறார் ஏஜெண்ட். உண்மையா?
ஒரு தந்தை, ஓமலூர்

உண்மை இல்லை. திரும்பி வந்து இங்கே டாக்டராகப் பதிவு செய்ய வேண்டுமானால் நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறக்கூடிய பட்டமாகவும் இருக்க வேண்டும். வந்த பிறகு தகுதித் தேர்வு, அப்புறம் இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. இதில் எது ஒன்று குறைந்தாலும் ஆறு வருடமும் பணமும் போய்விடும். நீட்டே வேண்டாம் என்று சொன்னவரிடம் இனி பேச வேண்டாம், முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

ஜெர்மனியிலும் சேலம் என்று ஒரு ஊரும் பள்ளியும் இருப்பதாக எங்கள் ஆசிரியர் சொன்னார். நம் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஏற்காடு

இந்தக் கேள்விக்காக உன்னைத் தேடி வந்து கை கொடுக்கலாம் போல இருக்கிறது. பெயர் ஒற்றுமைதான், வேறு தொடர்பில்லை. நம் ஊர்ப் பெயர் மலையைக் குறிக்கும் சைலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர் பைபிளில் வருவது, அமைதி என்று பொருள். கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் துறவிகள் வாழ்ந்த ஒரு பெரிய மடம் அது. அங்கே 1920-இல் குர்ட் ஹான் என்பவர் ஒரு பள்ளி தொடங்கினார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, தோற்றுப்போன நாட்டில், இனி நம் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்ற கவலையில் தொடங்கிய பள்ளி. ஹான் ஒரு யூதர். 1932-இல் ஹிட்லரின் ஆட்கள் ஒரு தொழிலாளியை அவர் தாயின் கண் முன்னால் அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களுக்கு ஹிட்லர் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தபோது, ஹான் தன் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்: சேலமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள் என்று. ஒரு தலைமை ஆசிரியர் எழுதிய கடிதம் அது, அடுத்த வருடமே சிறைக்குப் போனார். பிரிட்டன் பிரதமர் தலையிட்டு வெளியே வந்தார், நாட்டை விட்டுப் போனார்.

போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளி. 1962-இல் வேல்ஸில் கடலோரக் கோட்டை ஒன்றில் அட்லாண்டிக் கல்லூரி. பல நாட்டுப் பிள்ளைகள் 16 வயதில் ஒன்றாகத் தங்கிப் படிக்க வேண்டும், கடலில் ஆபத்தில் மாட்டியவர்களைக் காப்பாற்றும் படகுப் பணியும் படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. நேற்று வரை எதிரி நாடாக இருந்த இரண்டு நாட்டுப் பையன்கள் ஒரே படகில் துடுப்புப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்ற அமைப்பு. இன்று உலகில் 18 கல்லூரிகள், நம் நாட்டில் புனே அருகே ஒன்று, 1997-இல் திறந்தது. நெல்சன் மண்டேலா அந்த அமைப்பின் தலைவராக இருந்திருக்கிறார். முதல் கடிதத்தில் ஐ.பி. டிப்ளமோவின் சேவைப் பகுதியைப் பற்றி எழுதினேன் அல்லவா, முதன்முதலில் தன் பழைய பாடத்திட்டத்தை விட்டு முழுக்க ஐ.பி.க்கு மாறிய பள்ளிகளில் அட்லாண்டிக் கல்லூரியும் ஒன்று.

நீ இருக்கும் ஏற்காட்டிலும் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. பின்னாளில் ஐ.நா. துணைப் பொதுச் செயலாளர் பதவி வகித்த சசி தரூர் சிறுவனாக அங்கே படித்தவர். உன் ஆசிரியரிடம் அடுத்து அதைக் கேள்.

சர்வதேசக் கல்வி என்றாலே வெள்ளைக்காரர்கள் பெயராகவே வருகிறது. தமிழர்கள் யாராவது இதில் தலைமை தாங்கியிருக்கிறார்களா?
நூலகர், சேலம்

மால்கம் ஆதிசேஷையா என்ற பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1910-இல் வேலூரில் பிறந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். பாரிஸில் யுனெஸ்கோவில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்து 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். ஆப்பிரிக்காவில் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுதந்திரம் பெற்று, பள்ளிக்கூடம் கட்டவும் ஆசிரியரைத் தேடவும் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. பெரியவர்களுக்கு எழுத்தறிவு என்பதை உலகளவில் திட்டமாகக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் பதவியிலிருந்து வந்தவர் அங்கேயே தங்கிவிடாமல் சென்னைக்குத் திரும்பி, மனைவியோடு சேர்ந்து 1971-இல் அடையாறில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். எழுத்தறிவுக்காக அவர் பெயரில் யுனெஸ்கோ ஒரு பரிசே வழங்கியது.

இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகளையும் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்தவர், 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானவர். தமிழைப் படிக்கிற செக் நாட்டுக்காரரும் ஜப்பான்காரரும் மதுரைக்காரரும் ஒரே மேசையில் உட்காரலாம் என்று காட்டியவர். யுனெஸ்கோ அமைப்புக்கே தொடக்க காலத்தில் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், திருத்தணிக்காரர்.

நீங்கள் நூலகர் என்பதால் ஒரு வேண்டுகோள். யுனெஸ்கோ கூரியர் இதழ் 1967-லிருந்து தமிழில் வந்தது, மணவை முஸ்தபா நீண்ட காலம் அதன் ஆசிரியராக இருந்தவர். அறிவியலையும் உலக வரலாற்றையும் தமிழில் சொல்ல அவர் எத்தனை சொற்களை உருவாக்க வேண்டியிருந்தது! பள்ளிப் பையனாக இருந்தபோது சைக்கிளில் நூலகத்துக்குப் போய் அந்த இதழில்தான் நான் பிரமிடையும் பெங்குவினையும் முதன்முதலில் பார்த்தேன். உங்கள் கிடங்கில் பழைய பிரதிகள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட விடாதீர்கள்.

கல்வி விஷயம் இல்லை என்றாலும், உலக அரங்கில் பேசிய தமிழர் என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ராஜாஜி நினைவும் வர வேண்டும். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவராகி இந்த ஊர்த் தெருவுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பேற்றவர், 1962-இல் 83 வயதில் வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடமே சொன்னார்.

மலைக்கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. உலகக் குடிமைக் கல்வி என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் சேலமே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்கள். இதை எப்படி நடத்துவது?
ஆசிரியை, சேர்வராயன் மலை

பயிற்சியில் சொன்னது ஐ.நா.வின் 2015-ஆம் வருட வளர்ச்சி இலக்குகளில் வருவது, நான்காவது இலக்கில் ஏழாவது பிரிவு. நம் 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் அந்தச் சொல் இருக்கிறது. அதற்காக நீங்கள் உலக வரைபடத்தைத் தேடி ஓட வேண்டாம், டீச்சர். உங்கள் பள்ளி ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடி நிற்கிறது.

அந்தச் செடியின் சொந்த ஊர் எத்தியோப்பியா. அங்கிருந்து ஏமன், ஏமனிலிருந்து சிக்மகளூர் மலை, பிறகு 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காடு. பிள்ளைகளின் அப்பா அம்மா கூலிக்குப் பறிக்கும் அரபிகா காப்பிக்கு விலை பேசப்படும் சந்தை நியூயார்க்கில் இருக்கிறது. 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து செடிகள் கருகியதும் உலகம் முழுக்க காப்பி விலை ஏறியது. அந்த வருடம் எஸ்டேட்டில் கூலி ஏறியதா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் அதைப் பற்றியே பேசலாம். கணக்கும் அதில் வந்துவிடும், புவியியலும் வந்துவிடும், நியாயம் எது என்ற பேச்சும் தானாக வரும். கூலி ஏறவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்தது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு, இரண்டாம் உலகப் போரில் மலாயா, ஜாவா பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதால் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் சேலத்தில் வந்தன. எங்கோ நடந்த போர் நம் பாயசம் வரை வந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் வகுப்பில் எஸ்டேட் வேலைக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கிறதா? இருந்தால், அந்தப் பிள்ளை மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். தனியாக உட்கார்ந்தால் நீங்கள் உலகக் குடிமையைப் பற்றி எவ்வளவு நடத்தினாலும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பிள்ளையின் மொழியில் காப்பிக்கு, மழைக்கு, அக்காவுக்கு என்ன சொல் என்று பலகையில் எழுத வையுங்கள். அது எழுதுகிற அன்றைக்கு மற்ற பிள்ளைகள் அதை ஆசிரியராகப் பார்ப்பார்கள். உங்கள் மலையாளிப் பிள்ளைகளின் (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலைப் பழங்குடியினர்) பேச்சிலேயே சமவெளியில் இல்லாத எத்தனையோ சொற்கள் இருக்கின்றன, அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பயிற்சி கொடுக்க வருகிற அதிகாரிகள் இந்தப் பலகையை வந்து பார்க்க வேண்டும், நாம் போய் அவர்களுடைய பவர்பாயிண்டைப் பார்ப்பதைவிட அது முக்கியம்.

நான் மலையாளி இனத்துப் பெண். பன்னிரண்டாவது படிக்கிறேன். வெளிநாட்டில் படிக்க ஆசை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் பணம் இல்லை. என்னை மாதிரி ஆட்களுக்கு ஆலோசனை சொல்ல யார் இருக்கிறார்கள்?
மாணவி, ஏற்காடு தாலுகா

நான் சிரிக்கவில்லை, தங்கச்சி. கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

இப்போதே பிளஸ் டூ முடித்ததும் போவது கஷ்டம். இங்கே ஒரு நல்ல பட்டப்படிப்பை முடித்துவிட்டு முதுகலைக்குப் போவதுதான் உனக்குத் தோதான வழி. அதற்கு மத்திய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது. நாடு முழுவதும் வருடத்துக்கு 20 பேர், முதுகலை, முனைவர் பட்டம், அதற்கு மேல் ஆராய்ச்சி என எல்லாம் சேர்த்து. 20 என்றதும் பயப்படாதே, விண்ணப்பிக்கத் தெரியாமலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். சேலம் மாவட்டத்து மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள், அதனால் உனக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அதற்குச் சாதிச் சான்று வேண்டும். பழங்குடியினர் சான்று கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர், தாசில்தார் அலுவலகத்தோடு முடியாது. விசாரணை, அப்பாவின் சான்று, பள்ளிப் பதிவு என்று மாதக்கணக்கில் இழுக்கும், பல பிள்ளைகள் கல்லூரியில் இடம் கிடைத்தும் இதற்காகவே அலைந்து ஓய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சான்று இல்லையென்றால் இந்த வாரமே மனு கொடு, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்.

பள்ளியில் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய்ச் சொல், தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போ. பட்டப்படிப்பில் எந்தப் பாடம் எடுப்பது என்பதை வெளிநாட்டை நினைத்து முடிவு செய்யாதே. எதைப் படித்தால் மூன்று வருடம் உனக்கு அலுக்காது என்று யோசி. ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கம் சத்தமாகப் படி. பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, ஆதார், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா பார், பின்னால் எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இங்கே பிறந்த பெண்ணுக்கு ஏன் இந்த ஆசை என்று யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே, மனுவை எடுத்துக்கொண்டு கிளம்பு.

உன் கடிதத்தில் முகவரி இல்லை, உறையில் ஏற்காடு தபால் முத்திரை மட்டும்தான் இருக்கிறது. பத்திரிகை முகவரிக்கு என் பெயர் போட்டு முகவரியை எழுதி அனுப்பு, அச்சில் வராது. உதவித்தொகை விண்ணப்பத்தின் நகலும் சான்றுகளின் பட்டியலும் தமிழில் எழுதி எடுத்து வைத்திருக்கிறேன், கிடைத்த மறுநாளே தபாலில் போடுகிறேன்.